கொல்லை வாசல் இருந்த இடம்

8 ஜனவரி 1955, சனி

உம்மா வீட்டின் முன்பாதி ஓடு முழுவதும் இறக்கியாயிற்று. சமையல்கட்டும் ஓர் அறையும் மட்டும் நிற்கின்றன; கட்டி முடியும்வரை அதில்தான் குடித்தனம். சைகோனில் என் வீட்டுக்காரர், அவங்க, சம்பாதித்த பணம், உம்மா எனக்கு எழுதிவைத்த மனை. ஆனால் வீடு யார் இஷ்டம்?

புதுச்சேரியில் வரைந்த பிளான் இன்று வந்தது. தெருப்பக்கம் ஆள் உயரத்துக்கு நான்கு ஜன்னல். கொல்லை வாசலைக் காணோம். அந்த வாசல் வழியாகத்தான் பிர்தௌஸ் லாத்தா வீட்டுக்குப் போவேன். எனக்கு மூத்தவள், அடுத்த மனையில் இருக்கிறாள். வெள்ளிதோறும் யாசீன் ஓதப் பெண்கள் வருவதும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் தெருவில் இறங்கி நடந்ததில்லை. அந்த வாசல் இருக்கும் இடத்தில் பீங்கான் கக்கூஸ் வருகிறதாம். வீட்டுக்குள்ளே!

கேட்டேன். கொத்தனார் சுப்ராயன் எதிரிலேயே அவங்க சொன்னார்கள்: "அடுப்பு ஊதுறவளுக்கு பிளான் எதுக்கு? உள்ள போ புள்ள."

சுப்ராயன் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாசலை அடைக்கப்போகிற அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி அவங்க வாயாலேயே சொல்லவைக்காவிட்டால் நான் கமருன்னிசா இல்லை.

11 ஜனவரி, செவ்வாய்

குழம்பில் உப்புப் போடவில்லை. ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். அதுவும் எரிச்சல்.

20 ஜனவரி, வியாழன்

அவங்க கடைத்தெருவுக்குப் போனபின் பிளானைத் தரையில் விரித்தேன். எழுத்து பிரெஞ்சு. தமிழையே அண்ணன் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக் கற்றவள் நான். ஆனால் கோடு எந்தப் பாஷை? பிளானில் இருந்த தெருவைத் தெருப்பக்கம் திருப்பிவைத்தேன். கதவுகளை எண்ணினேன், அறைகளை எண்ணினேன். கக்கூஸுக்கு வந்ததும் விரல் நின்றது. அதில் உட்கார்ந்தால் முகம் நேரே மேற்கே. கிப்லாவுக்கு நேராக!

தொழுகிற திசையில் யாராவது இதை வைப்பார்களா? வரைந்தவருக்குத் தெரியாது, சரி. அவங்களுக்குத் தெரியவேண்டாமா? ஜன்னலைத் தவிர வேறு எதைப் பார்த்தார்கள்?

சந்தோஷத்தில் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்னபின் பயம் வந்தது – எதற்கு நன்றி சொன்னேன்? நாளை அவங்க ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

21 ஜனவரி, வெள்ளி

சொல்லப் போனேன். "பிளான்ல ஒரு விசயம்ங்க..." என்றேன்.

"மறுபடியும் கொல்லை வாசலா? சைகோன்ல வேலைக்காரிக்கு இருக்கிற வெவரம்கூட உனக்கு இல்லையே. வாயை மூடு."

சரி. மூடிக்கிட்டேன். கட்டுங்க. நல்லாக் கட்டுங்க.

27 பிப்ரவரி, ஞாயிறு

செங்கல் பதினோராயிரம் இறங்கியதாக அவங்க சொல்கிறார்கள். நான் எண்ணியது பத்தாயிரத்து அறுநூற்று நாற்பது. அதையும் சொல்லவில்லை.

வாசலை இன்று அடைத்தார்கள். கடைசி இரண்டு வரிசை பாக்கி இருக்கும்போது லாத்தா அந்தப் பக்கம் முக்காலி போட்டு ஏறினாள். "என்னா கமரு, உசுரோட கபுருல வெச்சுப் பூசுறமாரில்ல இருக்கு! இனிமே எனக்கு ரசம் எப்படிடி குடுத்தனுப்புவே, காக்கா கழுத்துல கட்டியா?"

சிரித்தேன். பிறகு அழுதேன்.

26 ஏப்ரல், செவ்வாய். நோன்பு

பீங்கான் வந்து இறங்கியது. அவங்க தஞ்சாவூர் போயிருக்கிறார்கள். சுப்ராயன் சமையல்கட்டுக் கதவுக்கு வெளியே நின்றார்.

"அம்மா, கோட்டுச்சேரி பக்கம் பாய்மாருங்க வீடு நாலு கட்டியிருக்கேன். யாரும் இதை மேற்குப் பாக்க வெக்கச் சொன்னதில்லை. வெக்கட்டுமா, ஐயா வர்ற வரைக்கும் நிறுத்தட்டுமா?"

கதவுக்கு இந்தப் பக்கம் நான் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தேன்.

"பிளான்ல எப்படி இருக்கோ அப்படியே வைங்க."

நோன்பு வாயால் சொன்னேன். யா அல்லாஹ், இதை எந்தப் பக்கத்தில் எழுதப்போகிறாய்?

10 ஜூன், வெள்ளி

குடிபுகுந்தோம். ஜும்ஆ முடிந்து ஆண்கள் வந்தார்கள். நாங்கள் திரைக்குப் பின்னால். அவங்க ஜன்னலைக் காட்டினார்கள், தரையைக் காட்டினார்கள், கடைசியில் அந்த அறையைத் திறந்து "பிரான்ஸ் சரக்கு" என்றார்கள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பள்ளிவாசல் ஆலிம்சா மட்டும் பின்னாலேயே நின்றார். "முத்து முகம்மது தம்பி, கிப்லா எந்தப் பக்கம்?"

அவங்க சட்டென்று கையை நீட்டினார்கள். விரல் பீங்கானுக்கு நேரெதிர்ச் சுவரில் போய் நின்றது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

யாரோ இருமினார். யாரோ, "திருப்பி வெச்சுட்டாப் போச்சு" என்றார்.

"குழாயெல்லாம் சுவத்துக்குள்ள போயிட்டுதுங்க. இடிச்சாத்தான்" என்றார் சுப்ராயன்.

"இடிங்க" என்றார்கள் அவங்க.

ஐந்து மாதம் காத்திருந்த சொல். அதை அனுபவிக்கவிடாமல் அடுத்ததும் காதில் விழுந்தது: "வீட்டுல அன்னைக்கே சொல்ல வந்தா, ஆலிம்சா. நான்தான் வாயை மூடுன்னேன். தப்பு என்னோடது."

13 ஜூன், திங்கள்

அந்த இடத்தில் இனிக் கக்கூஸே வேண்டாம் என்றார்கள் அவங்க. சுவர் போயிற்று, வாசல் திறந்தது. முதல் ஆளாக லாத்தா வந்தாள். "நீ ஈமான் உள்ளவடி. உன் பேச்சைக் கேட்டிருந்தா அந்த மனுசனுக்கு இந்த மானக்கேடு உண்டா?" பின்னால் வந்த பெண்களும் அதையே சொன்னார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

கையை இழுத்துக்கொள்ளவில்லை நான்.

15 ஜூன், புதன்

இரண்டு நாளாகத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. வேண்டுமென்றே வாய்மூடியிருந்ததை அவங்களிடம் சொல்லிவிட்டேன்.

"பதிக்கிற அன்னைக்கும் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"நோன்போடயா?"

"ஆமாங்க."

திட்டவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அஸர் தொழப் போய்விட்டார்கள். திட்டியிருக்கலாம்.

28 ஜூன், செவ்வாய்

அலமாரி எந்தச் சுவரில் என்று சுப்ராயன் கேட்டனுப்பினார். அவங்களைக் கேட்டேன். "உன் இஷ்டம்." மாடிப்படிக்குக் கைப்பிடி மரமா, இரும்பா? "உன் இஷ்டம்." கொல்லைக் கடைசியில் புதுக் கக்கூஸ்? "உன் இஷ்டம் புள்ள." கோபமே இல்லாத குரல். பிளானைச் சுருட்டி என் பெட்டிமேல் வைத்துவிட்டார்கள்.

என்னிடம் தோற்றுப்போன மனுஷர் இப்படியா இருப்பார்?

9 ஜூலை, சனி

தெரு ஜன்னல் நான்குக்கும் மஞ்சள் அடிக்கச் சொன்னேன், அவங்க காதில் நன்றாக விழும்படி. பழுத்த பூசணி மஞ்சள். பச்சை என்று அவங்க சைகோனிலேயே முடிவுசெய்து, கப்பலில் கனாக் கண்டுகொண்டு வந்த ஜன்னல்கள். சண்டைக்கு வருவார்கள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

இன்று மாலை அடித்து முடிந்தது. கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அவங்க தெருவில் இறங்கி நின்று நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நான் கதவிடுக்கில் நின்றேன்.

"நல்லாயிருக்கு" என்றார்கள்.