போன வழியில் திரும்பாத பஸ்

மார்ச் 3, செவ்வாய்

இன்று என்னை நானே மெச்சிக்கொள்ளலாம். நகரப் பேருந்துகளின் இணையப் பக்கம் வேலை செய்கிறது! பக்கத்துக்கு அச்சு வார்க்கும் இந்த டெம்ப்ளேட் மொழிக்கு ஒரு வீம்பு உண்டு. நிறுத்தங்களைப் பட்டியலாக நேரே கொடுத்தால் வாங்கிக்கொள்ளாது. எல்லாப் பெயரையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியாக எழுதி, காற்புள்ளி வரும் இடத்திலெல்லாம் வெட்டு என்று சொல்ல வேண்டும். வெட்டிய துண்டுகள்தான் பட்டியல். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கச் சொன்னால் சமர்த்தாக அடுக்குகிறது. நிறுத்தங்களுக்கு நடுவே ஓர் அம்புக்குறி; கடைசி நிறுத்தத்துக்குப் பின் மட்டும் அது வராது. யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் கவனிப்பேன்.

திரும்பும் வழிக்குத் தனியாக ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. பட்டியலைத் தலைகீழாக்க ஒரே ஒரு சொல் — முடிந்தது. ஏழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்கு வந்தவளுக்கு இது போதாதா?

மார்ச் 4

சோதனைப் பக்கத்தை மாமியாரின் போனில் போட்டுக் கொடுத்தேன்.

"உன் பேரு எங்கம்மா இருக்கு?"

"இதுலல்லாம் பேரு போட மாட்டாங்க அத்தை."

"அப்ப நானே சொல்லிக்கறேன்."

சாயங்காலத்துக்குள் எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

மார்ச் 9, திங்கள்

எங்கள் முதலாளிக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் அவசரம். அடுத்த திங்கள் பக்கத்தை ஊருக்குத் திறக்கிறோம் என்றார். அது ஒழுங்காகப் போனால்தான் என் வேலை நிரந்தரம். அவர் வாயாலேயே சொன்னார்.

மார்ச் 11, புதன்

எழுதவே கை வரவில்லை.

அத்தை முட்டிவலிப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போனார். திரும்பும்போது, என் இணையப் பக்கத்தில் போட்டிருந்தபடி எதிர்ப்புற நிறுத்தத்தில் நின்றார். பஸ் வரவில்லை. வராது. அது ஒருவழித் தெரு. திரும்பும் பஸ் பின்தெரு வழியாகப் போகிறது. காணோமே என்று என் வீட்டுக்காரர் போன் பண்ணி, "பின்னாடி தெருவுக்கு வாங்கம்மா" என்றாராம். "மருமக இங்கதான்னு போட்டிருக்கா"ன்னு சொல்லிட்டு அத்தை வெயில்லயே நின்னிருக்காங்க. கடைசியில் இவர்தான் வண்டியில் போய் அழைத்து வந்தார்.

"பஸ்ஸுக்காரன்தான் வழி மாறிப் போயிட்டான் போல" என்றார் அத்தை, என் முகத்தைப் பார்த்துவிட்டு. திட்டியிருக்கலாம்.

என்ன புத்தி எனக்கு? பட்டியல தலைகீழாக்கினா தெருவும் தலைகீழாயிடுமா?

மார்ச் 12

அவசரத்திடம் போய்ச் சொன்னேன். எல்லாத் தடங்களையும் சரிபார்க்க ஒரு வாரம் கேட்டேன்.

"முதல்ல திறந்துடுவோம், அப்புறம் சரி பண்ணிக்கலாமே."

"அதுவரைக்கும் ஜனங்க வராத பஸ்ஸுக்கு நிப்பாங்க சார்."

"தள்ளிப்போனா உங்க தலைதான் உருளும்."

"உருளட்டும் சார்."

சொன்னது நானா? பிடித்திருந்தது, அந்த நான். கேட்ட ஒரு வாரமும் கிடைத்துவிட்டது.

மார்ச் 14, சனி

டெம்ப்ளேட்டை மாற்றிவிட்டேன். திரும்பும் வழிக்கு இனி தனிப் பட்டியல். அது காலியாக இருந்தால் மட்டும் பழைய தலைகீழ் வித்தை. எந்தத் தடத்துக்கு எது என்று பார்க்க பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "முட்டிக்கு ஆகாது அத்தை" என்றேன். "பஸ்ல உக்காந்துதானே வரப்போறேன்? முட்டியா பஸ்ஸ இழுக்கப்போகுது?"

ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். அவர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல, நான் போனில் சரிபார்த்தேன். ஓரிடத்தில் என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தார். "பழைய சந்தை ஒண்ணு, கிழக்கு வாசல் ஒண்ணா? ரெண்டும் சேந்து ஒரே ஸ்டாப்பும்மா." எனக்கு உடனே புரிந்துவிட்டது. 'பழைய சந்தை, கிழக்கு வாசல்' — அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு காற்புள்ளி. டெம்ப்ளேட் சொன்னபடி அங்கேயும் வெட்டிவிட்டது. இனி காற்புள்ளி வேண்டாம், செங்குத்துக் கோடு போட்டு வெட்டிக்கொள்கிறேன். எந்த நிறுத்தத்தின் பெயரிலும் அது கிடையாது.

"இன்னும் எத்தனை பஸ்ஸு பாக்கி?" என்று அவரே கேட்டார். சினிமாவுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

மார்ச் 20

எல்லாத் தடமும் முடிந்தது. இடுப்பு கழன்றுவிட்டது.

மார்ச் 23, திங்கள்

பக்கம் திறந்தாயிற்று. அவசரம் நிரந்தரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மார்ச் 24

"அடுத்தது படகுத்துறைக்கு இணையப் பக்கம். ஆறு மாச வேலை. நீங்களே பாத்துக்கங்க" என்றார் அவசரம். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "படகுலயும் ஏறிப் பாப்பீங்கல்ல?" என்றார். நிரந்தரம் என்பதை அவர் பாஷையில் இப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது.

மார்ச் 25, புதன்

இன்று அத்தைக்கு மறுபடி ஆஸ்பத்திரி. வேலையே ஓடவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கூப்பிட்டார்.

"பின்தெருல ஏறிட்டேம்மா. டிரைவர் புதுசு. நடுவுல ஒரு ஸ்டாப்ப விட்டுட்டுப் போகப் பாத்தான். அங்க ஒரு அம்மா கைக்குழந்தையோட நின்னுட்டிருந்தாங்க. போனைக் காட்டி, 'இதுல இருக்கு, நிறுத்துப்பா. என் மருமக எழுதினது'ன்னு சொன்னேன்."

"நிறுத்தினாரா அத்தை?"

"நிறுத்தாம? அந்த அம்மா இப்ப என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. பேசறியா?"