பரீட்சை வாசலில் நான்

மே 14
என் மகள் ரொதைனாவின் இடது கண்ணில் இமைமுடி பாதி இல்லை. பிடுங்கிக்கொண்டே படிக்கிறாள். பதினைந்து வயது. இந்த இறுதித் தேர்வில் 280க்கு 235 எடுத்தால் பொது மேல்நிலைப் பள்ளி; அதுதான் பல்கலைக்கழகத்துக்கு வழி. குறைந்தால் தொழிற்பள்ளி. எங்கள் தாந்தா நகரமே இந்த ஒரு எண்ணை மென்றுகொண்டிருக்கிறது.

மே 19
பள்ளியில் அவள் வகுப்பறை காலி. எல்லோரும் தனிப்பயிற்சியில். மிஸ்டர் ஷவ்கியின் அறிவியல் வகுப்புக்கு ஒரே கூடத்தில் நூற்றிருபது பேர், மைக் வைத்துக் கத்துகிறார். காலையில் பள்ளியில் வாயே திறக்காத அதே மனிதர்!

என் கணவர் இஸாம் சாப்பிட உட்கார்ந்தபடி, "அவளைக் கொஞ்சம் தூங்க விடேன். அவ பொண்ணா, பொதி கழுதையா?" என்றார்.

"நீங்க உட்கார்ந்து சொல்லிக்குடுங்க, நானும் தூங்கறேன்."

மே 26
அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் நெர்மீன்: "என் பையன் நாப்பது மாதிரித்தாள் முடிச்சுட்டான். உன் பொண்ணு?"

அவள் முடித்தது பதினெட்டு. முப்பது என்று போட்டேன். எதற்குப் பொய்?

ஜூன் 3
அறிவியல். தேர்வு தொடங்கி இருபது நிமிடத்தில் கேள்வித்தாள் எங்கள் போனில். எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே பிள்ளைகள் எழுத, வெளியே நடைபாதையில் அம்மாக்கள் நாங்கள் அதே தாளுக்கு விடை கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். கலப்பின நெட்டைப் பட்டாணியைக் குட்டையோடு சேர்த்தால் எத்தனை சதவீதம் குட்டை? ஐம்பது என்றுதான் எனக்குப் பட்டது. தாவரவியலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் மிஸ்டர் ஷவ்கி குழுவில் 25 என்று போட்டார்.

"மிஸ்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்னடி உன் பட்டாணி ஆராய்ச்சி?" என்று நெர்மீன் சிரித்தாள். அடங்கிப்போனேன்.

ரொதைனா சிரித்தபடி வெளியே வந்தாள். கையில் வைத்திருந்த தண்ணீரைக்கூட நான் நீட்டவில்லை.

"பட்டாணிக்கு என்ன போட்ட?"

"அம்பது."

"ஐயோ, இருபத்தஞ்சுடீ! மிஸ்டரே போட்டிருக்காரு!"

அந்தச் சிரிப்பு போன விதம் —

ஜூன் 4
அவள் சாப்பிடவில்லை. "அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச கேள்விம்மா. அதுவே தப்புன்னா, வேற என்ன தெரியும் எனக்கு?"

ஜூன் 5
வடிவியல். கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லையாம். வீட்டில் பத்து முறை எழுதிய தேற்றம். "கை ஓடவே இல்லை" என்கிறாள்.

மாலையில் அறிவியலுக்கு விடைக்குறிப்பு வந்தது. ஐம்பது.

மிஸ்டர் ஷவ்கி தன் பதிவை அழித்துவிட்டார். அவருக்கென்ன, அழித்துவிட்டால் தீர்ந்தது. வாசலில் நின்று நான் கத்தினேனே, அதை எப்படி அழிப்பது?

ஜூன் 27
233.

ஜூன் 28
பட்டாணிக்கு அவள் எழுதியதுதான் சரி என்று இன்றுதான் சொன்னேன். இத்தனை நாள் துணிவு வரவில்லை.

"தெரியும். அன்னைக்கே பார்த்துட்டேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 30
பொது மேல்நிலைப் பள்ளிகளில் இடம் மீந்துவிட்டதாம். 232 போதும் என்று குறைத்துவிட்டார்கள்.

ஜூனில் லாயக்கில்லாதவள், ஜூலையில் லாயக்கானவள்! நடுவில் ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை அவள். மாடியில் உட்கார்ந்து தர்பூசணி தின்றாள், அவ்வளவுதான். அப்படியானால் இவ்வளவு நாள் எதை அளந்தார்கள்? மனப்பாடத்தையா, எங்கள் பயத்தையா? இமைமுடியைப் பிடுங்க வைத்து ஒரு கல்வியா? யாரிடம் போய்க் கத்துவது? நெர்மீன் இனிப்பு அனுப்பியிருக்கிறாள். பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2
விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். இமைமுடி முளைத்துவிட்டது, குட்டை குட்டையாக. உறையை ஒட்டுமுன் நிறுத்தினாள்.

"சேர்றேன். ஆனா இனிமே பரீட்சைக்கு நீ வாசல்ல நிக்கக் கூடாது."

"வெயில்ல வெளிய வருவே, தண்ணி யாரு குடுப்பா?"

"நானே எடுத்துட்டுப் போறேன்."

சரி என்றேன்.