ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன்னையும் மருமகளையும் குழந்தையையும் அவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாத்திரையை மறப்பதை மட்டும் அவர் மறப்பதில்லை. தம்பி விசாரணையில் சொன்னதைக் கேட்டதும் அவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று போனை வைத்தாய், அதற்கப்புறம் அவனோடு நீ பேசவேயில்லை. பாசத்தில் வந்த கோபம்தான், எனக்குத் தெரியும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி வேலை பார்த்த அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மெஷினில் கைக்கு முன்னால் ஒரு காப்புத் தகடு இருக்கும். அது இருந்தால் வேலை ஓடாது என்று இவனே கழற்றி வைத்துவிட்டான், வலது கையில் இரண்டு விரல் போனது அதனால்தான். ஃபோர்மேன் அப்போது பக்கத்திலேயே இல்லை. ஆனால் அந்த மனுஷன் வாய் பொல்லாதது, எல்லார் முன்னாலும் இவனை உதவாக்கரை என்பார், தாளைத் தலைகீழாக அடுக்கிவிட்டான் என்று ஒருதரம் நாள் பூராவும் நிற்க வைத்திருக்கிறார். வக்கீல் ஆஸ்பத்திரிக்கே வந்து, ஃபோர்மேன்தான் கழற்றச் சொன்னார்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி, நஷ்டஈடும் கூடும், அந்தாளும் ஜெயிலுக்குப் போவான், மத்ததை நான் பாத்துக்கறேன் என்றார். கூட வேலை செய்கிறவர்களும் ஆமாம் போடத் தயார். அந்த ஃபோர்மேன் வாய்க்கு இது வேணும் என்றார் அப்பா. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பெற்ற வயிறு, கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நியாயம் பேச வரவில்லை.

தம்பியும் சரி என்றுதான் சொன்னான். சொன்னதிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டு ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல என்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்ப்பான். ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மா, அந்தாளு ஜெயிலுக்குப் போறதை நினைச்சா விரல் வலி குறையுது, வெறுப்பு எனக்கு ருசியா இருக்கு, அதான் பயமா இருக்கு என்றான். மடித்த துணியை ஒதுக்கி வைத்தேன். இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். இயேசுவே, உண்மையைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, அந்த இஷ்டத்தையும் நீங்கதான் தரணும் என்று கேட்டான், அவ்வளவுதான் அவன் ஜெபம்.

விசாரணை அன்றைக்கு அவனைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றான். தகட்டைக் கழற்றினது நான்தான், அவர் சொல்லலை, கழற்றக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கார் என்றான். வக்கீல் பேனாவை மூடிவிட்டார். நஷ்டஈடு குறைந்துபோனது உண்மைதான். வெளியே வரும்போது ஃபோர்மேன் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இவனைத் தாண்டிப் போனார், நாய் வாலை நிமிர்த்த முடியுமா. அவர் மனைவி மட்டும் இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கொஞ்ச நாள் இவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலை, இவன் ஒற்றைக் கையால் தடுமாறுவதைப் பார்த்து, கிட்டே வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

ஜெயித்துவிட்டான் என்று நான் பெருமையாகச் சொன்னால் அவனுக்குப் பிடிப்பதில்லை. தினமும் கையைப் பார்க்கும்போது அந்தக் கோபம் வாசல்ல வந்து நிக்குதும்மா, உள்ளே வர்றதுக்குள்ள ஃபோர்மேனுக்காக ஜெபிச்சுடறேன் என்கிறான். உன்னோடு வேலை செய்துகொண்டு, உன் வேலையைத் தன் வேலை என்று காட்டிக்கொள்கிறவன்மேல் உள்ள கோபத்தை நீயும் என்னிடம் சொன்னாய். ராசா, வெறுப்பை வீட்டில் வைத்து வளர்க்காதே, அது நம் சதையைத் தின்றுதான் வளரும். உன் பலத்தில் துரத்தப் பார்த்துத் தோற்றுப்போகாதே, ஆண்டவரிடம் கேள்.

கர்த்தர் உன் வேலையையும் உன் வீட்டையும் ஆசீர்வதிப்பாராக, குழந்தைக்கு என் முத்தம். மருமகளை வெயிலில் அலையவிடாதே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தம்பி உன்னைக் கூப்பிடுவான், அவனாகவே இடது கையால் எண்ணை அழுத்துவான், கொஞ்சம் நேரமாகும். எடு.

உனக்காக முழங்காலில் நிற்கும்
அம்மா