கொண்டையில் உப்போடு கோயிலுக்குப் போனவள்

என் கோபக்கார அம்மாவுக்கு,

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றத்தில் கருவாடு போட்ட பாய் பறக்கிறது என்று நாலு மூலைக்கும் கல் வைத்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால், "கல்லு வைக்கிற வடிவைப் பார், பாயெல்லே கிழியப்போகுது" என்று குசினிக்குள் நின்றே ஏசியிருப்பீர்கள். ஏச ஆளில்லாமல் போடுகிற கருவாடும் ஒரு கருவாடா, சொல்லுங்கோ?

நாங்கள் எல்லோரும் சுகம். அண்ணன் தன் வள்ளத்துக்குப் புது எஞ்சின் பூட்டிவிட்டார். அதைப் பற்றிய கதைதான் நாள் முழுக்க. எங்கள் கோயிலுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். அந்த நிறம் உங்களுக்குப் பிடிக்காது, எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு செய்தியும் இருக்கிறது. பொறுங்கோ, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மறதி நோய் உங்களிடம் எப்போது வந்து சேர்ந்தது என்று யோசித்தால் அந்தப் பாண்தான் ஞாபகத்துக்கு வருகிறது. காலைச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்த பாணை மீனைப் போல நடுவால் பிளந்து, உள்ளே உப்புத் தடவிப் பாயில் அடுக்கிவிட்டு, கையில் தடியோடு பக்கத்தில் குந்தியிருந்தீர்கள். காகங்களுக்கு நல்ல கொண்டாட்டம்.

"என்னம்மா இது?" என்று அண்ணன் கேட்டார்.

"கண் தெரியேல்லையோ உனக்கு? உப்புப் போட்டாச்சு. இனி ஒண்டும் ஆகாது."

வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு மீனுக்கும் நீங்கள் சொன்ன சொல் அது. எதுவும் பழுதாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காது உங்களுக்கு. பாணுக்குப் பிறகு என் செருப்பு, சவர்க்காரம், அண்ணனின் புதுச் சேட்டு என்று ஒவ்வொன்றாகப் பாய்க்கு வந்தன. அண்ணன் கத்துவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதும் இருக்கிறேன், மறைப்பானேன்?

ஆனால் உப்புப் போட்டதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு மாலை, "அக்கா, வாங்கோ, செபம் சொல்லுவம்" என்று என்னைக் கூப்பிட்டீர்களே, அன்றைக்குத்தான் எனக்கு நோய் உறைத்தது. "எடியே" என்பதைத் தவிர வேறு எப்படியும் என்னைக் கூப்பிட்டறியாத வாய் அது! உங்களைத் தாயாக நின்று வளர்த்த பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவ. நான் அவவின் சாயலாம். அன்றோடு உங்களுக்கு மகள் இல்லாமல் போனாள், அக்கா வந்துவிட்டா.

செபமாலை முடிந்ததும் சிறியவர்கள் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்ல வேண்டும், பெரியவர்கள் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டும். எத்தனை சண்டை பிடித்த நாளிலும் நீங்கள் எனக்கு அந்தச் சிலுவையைப் போடாமல் விட்டதில்லை. அன்றைக்கு நீங்கள் என் முன்னால் வந்து நின்று, "தோத்திரம் அக்கா" என்று தலையைக் குனிந்தீர்கள். பெற்ற தாய்க்குப் பிள்ளை சிலுவை போடுவதா? எனக்குக் கை எழவில்லை. நீங்களோ ஆசீர்வாதம் கிடைக்காத பிள்ளையாக அழத் தொடங்கிவிட்டீர்கள்.

மன்னாருக்குக் கிளினிக் போன நேரம் டொக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவவோட வாதாடாதேங்கோ, பிள்ளை. அவ இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கோ" என்றா. போனேன் அம்மா. ஒவ்வொரு மாலையும் அக்காவாக நின்று உங்கள் நெற்றியில் சிலுவை போட்டேன். நீங்கள் "ஆமென்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தீர்கள்.

அந்த நேரம்தான் அரிப்பு ஊரிலிருந்து அன்ரன் பெண் கேட்டு வந்தார். அம்மாவை விட்டு ஓரடியும் நகரமாட்டேன் என்றேன். "அப்ப நான் இஞ்ச வந்து இருக்கிறன், என்ன இப்ப?" என்றார். அந்த ஒரு பேச்சில் விழுந்துவிட்டேன், சிரிக்காதேங்கோ.

எல்லாம் சரிவந்தது, ஒன்றைத் தவிர. கோயிலுக்குப் புறப்படுமுன் மணப்பெண் தாயின் முன்னால் முழந்தாளில் நின்று ஆசீர்வாதம் வாங்க வேண்டும். சின்னம்மாவைத் தாய் இடத்தில் நிறுத்துவோம் என்றார் அண்ணன். முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு தடவை, ஒரேயொரு தடவை, மகளாக உங்கள் ஆசீர்வாதம் வேண்டும் எனக்கு. அது பெரிய ஆசையா, அம்மா?

கலியாணத்தன்று சேலை உடுத்தி, கொண்டை கட்டி, உங்கள் முன்னால் முழந்தாளில் நின்றேன்.

"என்னக்கா இது? சீலை ஊத்தையாப் போகும், எழும்புங்கோ" என்றீர்கள்.

"அம்மா, இவள் உங்கட மகள். இண்டைக்குக் கலியாணம். சிலுவையைப் போட்டுவிடுங்கோ" என்றார் அண்ணன்.

நீங்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். முகம் அழுகைக்குப் போனது. பிறகு என் முன்னால் தலையைக் குனிந்து, "தோத்திரம் அக்கா" என்றீர்கள். சனம் முழுக்கப் பார்த்து நிற்க, எழும்பி உங்கள் நெற்றியில் சிலுவை போட்டேன். சரி, நமக்கு இவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"நில்லுங்கோ!"

குசினிக்குள் போய் வந்தீர்கள். இரண்டு கையிலும் உப்பு. யாரும் தடுக்குமுன் அவ்வளவையும் என் தலையில் கொட்டி, கொண்டையிலும் தோளிலும் கைகளிலும் ஓரிடம் விடாமல் தடவினீர்கள்.

"ஐயோ, சீலை!" என்று சின்னம்மா கத்தினா. அண்ணன் தலையில் கையை வைத்தார்.

நீங்கள் இரண்டடி பின்னால் போய் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். முகத்தில் அப்படியொரு திருப்தி. "உப்புப் போட்டாச்சு. இனி ஒண்டும் ஆகாது."

ஒருவரையும் தட்டிவிட விடவில்லை நான். பீடத்தின் முன்னால் தலை குனிந்தபோது உப்பு ஒவ்வொரு பரலாக விழுந்துகொண்டிருந்தது. அன்ரன் மெதுவாக, "என்ன, கருவாடு போட்டவையளோ?" என்று கேட்டார். சாமியார் பார்க்கப் பார்க்கச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

அதற்குப் பிறகும் கடைசி வரைக்கும் நான் உங்களுக்கு அக்காதான். என்னை மகள் என்று நீங்கள் ஒருநாளும் திரும்பக் கூப்பிடவில்லை. அதில் எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை, சத்தியமாக.

சரி, அந்தச் செய்தி. நாற்பதை நெருங்குகிற வயதில் உங்கள் கடைக்குட்டி தாயாகப் போகிறாள். சத்தம் போடாதேங்கோ, இன்னும் ஊருக்குச் சொல்லவில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருகிற அன்றைக்கு வாசலில் வைத்தே நெற்றியில் சிலுவை போடுவேன். பிறகு தலையில் ஒரேயொரு பரல் உப்பு வைப்பேன். அண்ணன் கத்தினால் கத்தட்டும். அதன் காதில் நான் முதன்முதல் சொல்லப்போவது உங்கள் சொல்லைத்தான்: இனி ஒண்டும் ஆகாது.

உங்கள் கடைசி மகளும்,
கொஞ்சக் காலம் உங்கள் அக்காவுமாக இருந்த
றீற்றா