கரடியின் இடது காது

திருநெல்வேலி டவுண்
18.11.1996

அன்பு மகள் பிரம்மநாயகிக்கு அப்பா எழுதுவது, இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி சுந்தரும் சௌகரியம், ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க நெல்லையப்பர் துணை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், குழந்தையைக் காது மூடாமல் வெளியே தூக்காதே. அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. கடையைச் சுந்தரிடம் விட்டபின் பொழுது போகாமல் பழைய பொம்மைகளைச் சரிபண்ண உட்கார்ந்திருக்கிறேன், கூலி கிடையாது, ஆசைக்குச் செய்வது. மூக்குடைந்த கொலுச் செட்டியாருக்கு மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் பிசைந்து ஒட்டினேன், "செட்டியாருக்கு உங்க மூக்கையே வச்சிட்டியளே" என்று அம்மா சிரிக்கிறாள். துணிப் பொம்மை என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிப் புதிதாக இலவம்பஞ்சு அடைப்பேன்.

போன வாரம் மேலப்பாளையம் ஷரீபா பீவி, நம் கடையில் வெகுகாலமாக வளையல் எடுப்பவர், கிழிந்த கரடி பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். "உங்க கடையில வாங்குனதுதான் அண்ணாச்சி, எம் மவ வச்சிருந்தது, இப்ப பேத்திக்கு இது இல்லாம உறக்கம் வராது" என்றார். இடது காதில் சாக்குத் தைக்கிற நூலைக் கண்டேன். அது நான் போட்ட தையல். அது உன் கரடி.

இனி மறைத்துப் பயனில்லை. கடை தொடங்கி மூன்றாம் மாதம், நீ ஒன்றாம் வகுப்பு, கரடியைக் கடையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். அன்று முதல் ஆளாக வந்த ஷரீபா பீவி கரடி பொம்மை கேட்டார். விற்க என்று கடையில் கரடி இல்லை. போணிக்கு வந்தவரை இல்லை என்று அனுப்பினால் அன்றைக்கு வியாபாரமே படுத்துவிடும் என்று நம்பினவன் நான், உன்னுடையதைத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டேன். காதுத் தையலைக் கேட்டதற்கு, உறுதிக்குப் போட்டது என்று வேறு சொன்னேன். சாயந்திரம் நீ தேடி அழுதபோது, என்னோடு பஸ்ஸில் வந்த சுந்தர் ஜன்னல் வழியே எறிந்துவிட்டான் என்றேன். நீ அவனைக் கடித்துவைத்தாய், மறுத்துச் சொல்ல அவனுக்குப் பேச்சு வராத வயது.

இப்போதும் புத்தி வியாபாரத்துக்குத்தான் போனது. "இது தேறாதும்மா, கடையில எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க" என்றேன். "இல்லேன்னு சொல்லாத கடைன்னுதானே அண்ணாச்சி வந்தேன்" என்றார். அதற்குமேல் முடியவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கரடியை வாங்கி அந்தத் தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா பக்கத்துக் கடைக்குப் போயிருப்பேம்லா" என்றார். அதற்குப் பயந்துதானே விற்றேன். "பேத்திகிட்ட இருந்து பிடுங்க முடியாது, அந்தக் காதை மட்டும் எடுத்து உங்க மவளுக்கு அனுப்புங்க, இதுக்குப் புதுக் காது வச்சிருங்க" என்று அவரே வழியும் சொன்னார். அப்படியே செய்து வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன்.

இந்தக் கவருக்குள் காகிதத்தில் மடித்திருப்பது அந்தக் காது. சாக்கு நூலைப் பிரிக்கவில்லை. குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். பொங்கலுக்கு நீ வரும்போது சுந்தரிடம் உன் முன்னால் நானே சொல்கிறேன். அதுவரை ஒன்று, அவனுக்கு எழுதும் கடிதமெல்லாம் பொம்மைக்கள்ளனுக்கு என்று தொடங்குகிறாயே, அதை நிறுத்திக்கொள். அந்தப் பெயர் என்னுடையது.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பொங்கலுக்கு ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வைத்தியலிங்கம்