உனக்கென்ன, பிள்ளையா குட்டியா

ஜூன் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

போன்ல பேசினா பாதியிலேயே வெச்சிடுவே. அதான் எழுதறேன். முழுசாப் படிச்சிட்டு அப்புறம் திட்டு.

அம்மா மறுபடியும் பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. எலும்பு முறியலை, ஆனா யாராவது கை கொடுக்காம எழுந்திருக்க முடியலை. எங்களுக்கு இருக்கிறது ரெண்டு ரூம். ஒண்ணுல பையன் பரீட்சைக்குப் படிக்கிறான். அம்மா இருமினாலே கதவை அறைஞ்சு சாத்துறான். எங்க ஸ்கூல்ல இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல சேர்ந்த பிள்ளைங்க ரெண்டு பெஞ்சுக்குக்கூடக் காணாது. டீச்சர்ல ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். லீவு போட்டா அது நானாத்தான் இருக்கும்.

உனக்கென்ன, பிள்ளையா குட்டியா? நீங்க ரெண்டே பேர், வீடு நிறைய இடம். அம்மாவை நீயே வெச்சுக்கோ. பெத்தவளுக்குச் செய்யற புண்ணியம் முழுசா உனக்கே வரட்டும். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாச் சொல்லு.

அன்புடன்,
அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

முழுசாத்தான் படிச்சேன். இப்போ திட்டறேன்.

பிள்ளையா குட்டியாவா? தெருவுல போறவங்க கேட்டா பொறுத்துப்பேன். நீ கேக்கலாமா? எங்க பேக்டரில குழந்தைங்க டயபர் செய்யற மெஷினைப் போன மாசம் நிறுத்திட்டாங்க. வாங்க ஆளில்லை. பக்கத்து மெஷின்ல பெரியவங்க டயபர், ரெண்டு ஷிப்டும் ஓடுது. நான் அங்கேதான் நிக்கிறேன். அவருக்குப் பகல்னா எனக்கு ராத்திரி. வீடு நிறைய இடம்னியே, அந்த இடமா வந்து அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்?

வேலை நிரந்தரமாகட்டும்னுதான் குழந்தையைத் தள்ளிப் போட்டோம். வயிறு தெரிஞ்சவளுக்கு அடுத்த வருஷம் அங்கே வேலை இருக்காது. எத்தனை பேர் அழுதுக்கிட்டே போனாங்க தெரியுமா? நிரந்தரமாச்சு. அப்புறம் நாலு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினோம். ஒண்ணும் ஆகலை. உன்கிட்டச் சொல்லலை. சொன்னா, "நான் அப்பவே சொன்னேனே"ன்னு ஆரம்பிப்பே.

அம்மாவை மாட்டேன்னு சொல்லலை. ஆளுக்கு ஆறு மாசம் வெச்சுப்போம். பிள்ளை இல்லாதவ தலையில மொத்தத்தையும் கட்டாதே.

தங்கச்சி

ஜூன் 20

சின்னவளுக்கு,

ஆஸ்பத்திரி விஷயம் இப்பத்தான் எனக்குத் தெரியும். மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

ஆனா நானும் ஒண்ணு கேக்கறேன். என் பையன் பிறந்தப்போ நீ எத்தனை நாள் வந்து நின்னே? பச்சை உடம்போட ஒத்தை ஆளா அல்லாடினேன். அந்த அலுப்புலதான் ரெண்டாவதே வேண்டாம்னு நிறுத்தினேன். எல்லாரும் அவங்கவங்க கஷ்டத்தைத்தான் பெருசாச் சொல்றோம்.

ஆறு மாசம், ஏழு மாசம்னு பேரம் பேச எனக்கு நேரம் இல்லை. ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரர் அம்மாவை ரயில்ல கூட்டிட்டு வர்றார். அம்மா சந்தோஷமாத்தான் கிளம்புறாங்க. எதையாவது துருவித் துருவிக் கேட்டு அவங்களைக் குழப்பாதே.

அக்கா

ஜூன் 29

அக்கா,

அம்மா வந்துட்டாங்க. மாமா பெட்டியை வாசல்லயே வெச்சிட்டு, ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டார். ஏன் அப்படி ஓடினார்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

உள்ளே வந்ததும் அம்மா என் வயித்துல கையை வெச்சாங்க. "எத்தனை மாசம்டி? அக்கா சொன்னா, எனக்குத் தரையில கால் பாவலை"ன்னாங்க. பெட்டியைத் திறந்தா, தன்னோட பழைய துணியெல்லாம் சின்னச் சின்னதாக் கிழிச்சு, ஓரம் மடிச்சுத் தைச்சு அடுக்கி வெச்சிருக்காங்க. அந்த நடுங்குற கையால!

அடிப்பாவி! இப்படி ஒரு பொய் சொல்ல உனக்கு நாக்கு எப்படி வந்தது? எனக்கு ஆகலைன்னு எழுதினதைப் படிச்ச பிறகும் சொல்லியிருக்கியே! சும்மா கிளம்புன்னா அம்மா கிளம்ப மாட்டாங்க, மகளுக்குப் பிரசவம்னா நொண்டிக்கிட்டாவது போவாங்கன்னு உனக்கு நல்லாத் தெரியும். வெளியாள் செஞ்சிருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டு மறந்திருப்பேன். நீ என் கூடப் பிறந்தவ.

ரெண்டு நாள் அம்மாகிட்ட உண்மையைச் சொல்லாம தள்ளிப் போட்டேன். மூணாம் நாள் தண்ணி வாளியை நான் தூக்கக் கூடாதுன்னு அம்மா கட்டிலைப் பிடிச்சுத் தடுமாறி எழுந்து வந்தாங்க, தானே விழப் பார்த்தாங்க. அதுக்கு மேல முடியலை, சொல்லிட்டேன். அழுவாங்கன்னு நினைச்சேன். அழலை. "அவ வீட்டுல நான் அவ்வளவு பாரமாவா இருந்தேன்?"னு மட்டும் கேட்டாங்க. அன்னிலேர்ந்து பாத்ரூமுக்குக்கூட என்னைக் கூப்பிடறதில்லை. சுவரைப் பிடிச்சுக்கிட்டுத் தனியாப் போறாங்க. நான் பின்னாடியே சத்தம் போடாம நடக்கறேன்.

அம்மா இனிமே இங்கேதான் இருப்பாங்க. உன் ஆறு மாசம் எனக்கு வேண்டாம். பகல் ஷிப்டே வேணும்னு கேட்டிருக்கேன். கொடுக்கலைன்னா வேலையை விட்டுடுவேன். எந்த வேலைக்காகப் பெத்துக்காம இருந்தேனோ, அதே வேலையை. நீ வராதே. எழுதவும் வேண்டாம்.

பாட்டி எங்கேன்னு உன் பையன் கேட்டா உண்மையைச் சொல்லு. அவன் ஒத்தைப் பிள்ளை. நாளைக்கு உன்னை எங்கே தள்ளலாம்னு லெட்டர் எழுதக்கூட அவனுக்கு ஒரு தங்கச்சி கிடையாது.

அம்மாவோட சின்ன மகள்