மூன்றாவது தடைக்குப் பக்கத்தில் இருப்பேன்

மெல்வின்,

குதிரை பவுனுக்குப் புல்லு போட்டாச்சு. லோரி சாவி ஆணியில தொங்குது. சோறும் நெத்திலி சம்பலும் மூடி வச்சிருக்கேன்.

எட்டு மாசமா தேயிலை மேட்டுல பவுனைத் தாண்டப் பழக்குனது நானு. நீங்க என்னைக் கேக்காமலே இன்னைக்குப் போட்டியில என் பேரை எடுத்துட்டு உங்க பேரைக் கொடுத்துட்டீங்க. "பொம்பளைக்கு எதுக்குலா இதெல்லாம்"னு எஸ்டேட் ஆபீஸ் கிராணி முன்னால சிரிச்சீங்க.

சரி, நீங்களே ஓட்டுங்க. நான் முன்னாடியே பஸ்ல போட்டி நடக்குற ரிங்லெட்டுக்குப் போறேன். மூணாவது தடைகிட்ட உக்காந்திருப்பேன். ஒவ்வொரு தடவை தாண்டினதுக்கும் பவுனுக்கு பிஸ்கட் கொடுத்துத்தான் பழக்கினேன். பாக்கெட் சரசரன்னு கேட்டா போதும், ஓடுற குதிரை நின்னுடும்.

பார்பரா

அலமாரியில பிஸ்கட் தேடாதீங்க. எல்லாம் என் பையில இருக்கு.

ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டிக்குங்க. பவுன் நின்னா சட்டுன்னுதான் நிக்கும்.